அன்னபூர்ணாவை அடிவாரத்திலிருந்தே நடக்கப் போகிறேன்

வருகிற ஐப்பசியில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடப்பதற்காக மதுரையிலிருந்து கிளம்புகிறேன். பெசிசஹார் என்ற சிற்றூரில் தொடங்கி, மர்சியாங்தி ஆற்றின் கரையோடு வடக்கு நோக்கி ஏறி, மனாங் பள்ளத்தாக்கைக் கடந்து, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைத் தாண்டி, மறுபக்கம் முக்திநாத்தில் இறங்கி, அங்கிருந்து காளி கண்டகி ஆற்றோடு தெற்கே திரும்பி வரும் பாதை இது. முழுவதும் நடந்தால் சுமார் 200 கிலோமீட்டர். இந்தப் பாதையின் பெரும்பகுதிக்கு இன்று சாலை வந்துவிட்டது. காலையில் பெசிசஹாரில் ஜீப் ஏறினால் அன்று மாலையே மனாங் போய்ச் சேரலாம் என்பதால், நடக்க வருபவர்களில் பலர் முதல் பாதியை விட்டுவிட்டு மேலேயே தொடங்குகிறார்கள். நான் பெசிசஹாரிலிருந்தே நடப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நீண்ட மலைநடைக்குப் புறப்பட நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் அனைவரிடமும் இதையே சொல்வேன். அதற்கான காரணங்களையும், அதற்காக நான் செய்துவரும் ஆயத்தங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் நடந்து போக வேண்டும் என்ற கேள்வியை முதலில் கேட்டவர் கூடலழகர் கோயில் பக்கம் குடியிருக்கும் என் பெரியம்மா. முக்திநாத் என்ற பெயர் அவருக்கு என்னைவிட நெருக்கமானது. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் அதுவே என்று வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். கூடலழகர், கள்ளழகர், திருமோகூர் காளமேகப் பெருமாள் என்று மதுரையிலும் சுற்றிலும் மூன்று திவ்ய தேசங்களைச் சேவித்துப் பழகிய அவருக்கு, நான் அங்கே போவதில் மகிழ்ச்சி. நடந்து போவதில்தான் வருத்தம். "ஏன்டா தம்பி, பொக்ராவுல இருந்து முக்திநாத்துக்குப் பஸ்ஸே போகுதாம்ல. அம்புட்டுத் தூரம் சுத்தி நடந்து உடம்பக் கெடுத்துக்கணுமா?" என்றார். "அந்தப் பஸ்ல போறவங்களுக்குத்தான் பெரியம்மா தலைவலியும் வாந்தியும் அதிகம். நடந்து போனா உடம்பு பழகிரும்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் நான் சொன்னது வெறும் சமாதானம் அல்ல.

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொக்ரா சுமார் 820 மீட்டர். முக்திநாத் 3,800 மீட்டர் அளவில். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 விழுக்காடுதான். உயரே போகப்போகக் குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் குறைகிறது. தோரோங் லாவில் அது கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உடல் இதற்கு ஈடுகொடுக்கத் தெரிந்ததுதான், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். முதலில் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடத் தொடங்குகிறது. அப்படி ஓடுவதால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அது ஓரிரு நாள் வேலை. சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலைகளை எந்தப் பயிற்சியாலும் மன உறுதியாலும் விரைவுபடுத்த முடியாது. நன்றாக ஓடுகிறவர்களும் இளவயதினரும்தான் உடலில் தெம்பு இருக்கிறதே என்று வேகமாக ஏறி, மேலே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டு பாதையைப் பாருங்கள். பெசிசஹார் 760 மீட்டர். ஜகத் 1,300 மீட்டர். தால் 1,700. தாராபானி 1,900 அளவில். மனாங் மாவட்டத் தலைநகரான சாமே சுமார் 2,700. கீழ்ப் பிசாங் 3,200. கீழிருந்து நடந்து வருபவர் 3,000 மீட்டர் கோட்டைத் தொடுவதற்குள் பல இரவுகள் மலையில் உறங்கி எழுந்திருப்பார்; அவர் உடல் ஏற்கெனவே தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஜீப்பில் வருபவரோ காலை 760 மீட்டரில் தேநீர் குடித்துவிட்டு, இரவு 3,540 மீட்டரில் மனாங்கில் படுக்கிறார். ஒரே நாளில் ஏறத்தாழ 2,800 மீட்டர் ஏற்றம். பிறகு அவர் மனாங்கில் நாள் கணக்கில் காத்திருந்துதான் மேலே போக வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களை மீட்க ஹெலிகாப்டர் வர வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, ஜீப் உண்மையில் நாட்களை மிச்சப்படுத்துகிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உடல்நலம் மட்டும் காரணம் அல்ல. அந்தக் கீழ்ப்பகுதியை நடக்காமல் விட்டால் இந்தப் பாதையின் சிறப்பையே விட்டதாக ஆகும் என்று நினைக்கிறேன். அன்னபூர்ணா சுற்றுப்பாதையைப் போல, ஒரே நடையில் வெப்பநாட்டு வயலிலிருந்து உறைபனி வரை ஆளை அழைத்துச் செல்லும் பாதைகள் உலகில் அதிகம் இல்லை. பகுன்தாண்டாவைச் சுற்றிய சரிவுகளில் படிக்கட்டு வயல்களில் நெல் விளைகிறது; ஐப்பசியில் அது அறுப்புக்கு நிற்கும். மேலே போகப்போக நெல் போய் மக்காச்சோளம் வருகிறது. சாமேயைத் தாண்டினால் பைன் காடுகளும் பிராதாங்கின் ஆப்பிள் தோட்டங்களும். அதற்கும் மேலே, மழை மறைவுப் பகுதியான மனாங்கில், பார்லி, பாப்பரை (பக்வீட்) போன்ற சில பயிர்களே தாக்குப்பிடிக்கின்றன. வீடுகள் கல்லால் கட்டப்பட்டுத் தட்டையான மண் கூரையோடு நிற்கின்றன. இந்த மாற்றங்களைக் கால்கள் ஒவ்வொன்றாகக் கடந்தால்தான் நாம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்பது உறைக்கும். பிராதாங்கை அடுத்து, ஆற்றின் மேல் வளைந்து எழும் ஒரு மாபெரும் வழவழப்பான பாறைச் சரிவு இருக்கிறது. பாவுங்டா டாண்டா என்பது அதன் பெயர். இறந்தவர்களின் ஆன்மா அந்தப் பாறையின் மேல் ஏறித்தான் மேலுலகம் போகிறது என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் யானைமலையின் ஒற்றைக் கல்லை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பாறையின் கீழ் ஒரு முழுப் பகலாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாலை வந்ததைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கே வாழ்பவர்களுக்குப் பிரசவத்துக்கும் பள்ளிக்கும் அரிசி மூட்டைக்கும் அந்தச் சாலை தேவை. நடப்பவர்களுக்கு அதில் வேறு வழியும் இருக்கிறது: ஆற்றின் எதிர்க்கரையிலும் மேல் சரிவுகளிலும் பழைய ஒற்றையடிப் பாதைகளைச் சீர்செய்து, பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டைகளைத் தொடர்ந்தால் ஜீப் கிளப்பும் புழுதியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். குறிப்பாகப் பிசாங்கிலிருந்து மனாங் போக இரண்டு வழிகள் உண்டு. கீழ்வழி எளிது. மேல்வழி மேல் பிசாங்கிலிருந்து கியாரு, நவல் என்னும் ஊர்களின் வழியே 3,700 மீட்டர் வரை ஏறி இறங்கி மனாங் சேர்கிறது. உயரே ஏறிப் பழகிக் கீழே வந்து உறங்குவது உடலுக்கு நல்லது என்பதாலும், எதிரே அன்னபூர்ணா மலைத்தொடரின் வடமுகம் திறந்திருக்கும் என்பதாலும் நான் மேல்வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அந்த மலைத்தொடரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதர் முதன்முதலாக ஏறி நின்றது 8,091 மீட்டர் உயரமுள்ள முதலாம் அன்னபூர்ணாவில்தான். 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்சோக், லூயி லஷனால் என்னும் பிரெஞ்சுக்காரர்கள் இருவரும் அதன் உச்சியை அடைந்தார்கள். அதற்கு முன் அந்தக் குழு, கையிலிருந்த வரைபடங்கள் தவறாக இருந்ததால், மலை எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே வாரக்கணக்கில் செலவிட்டது. அந்தத் தேடலில் மனாங் வரையும் வந்து திரும்பியது. வெளிநாட்டு நடையர்களுக்கு மனாங் பகுதி திறக்கப்பட்டது 1977இல். 1986இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் இப்போது 7,629 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கவனித்து வருகிறது. நேபாளத்தின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதி அதுவே.

இனி ஆயத்தம். மதுரையில் இருந்துகொண்டு இமயமலைக்கு எப்படிப் பயிற்சி செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உயரத்துக்குப் பயிற்சி இங்கே கிடையாது. ஆனால் கால்களுக்கும் தோளுக்கும் வேண்டிய அளவு மலை நம்மைச் சுற்றியே இருக்கிறது. சில மாதங்களாக வார நாட்களில் விடியும் முன் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலைப் படிகளில் பையைச் சுமந்து ஏறி இறங்குகிறேன். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறை சுடும் என்பதால் ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்ச்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடக்கிறேன். அங்கே நிழல் உண்டு, குரங்குகளும் உண்டு, கையில் எதையும் வைத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் பைக்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிச் சுமந்து போய், மேலே நீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினேன். முழங்காலுக்குத் தொந்தரவில்லாமல் சுமைக்குப் பழக இது நல்ல வழி. பழகிய பிறகு கொட்டுவதை நிறுத்தி, முழுச் சுமையோடும் இறங்கத் தொடங்கினேன். காரணம், இந்த நடையில் என்னை அஞ்ச வைப்பது ஏற்றம் அல்ல, இறக்கம்.

தோரோங் லாவிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் இறங்க வேண்டும். அதிகாலை இருட்டில் எழுந்து கணவாய்க்கு ஏறிக் களைத்த கால்களோடு செய்ய வேண்டிய இறக்கம் அது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையின் இழைகள் அந்த வேலையில்தான் நைந்துபோய், மறுநாள் படியில் கால் வைக்க முடியாத வலியைத் தருகின்றன. இதற்குச் சமமான ஓர் இறக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு உற்சாகத்தைத் தந்தது. கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையின் உயர வேறுபாடும் ஏறத்தாழ அந்த அளவே. கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே புழங்கிய மலைப்பாதைகளில் அது ஒன்று. 1821இல் பழனிமலைகளை அளக்க வந்த வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரியும் வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினார். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வருபவர்களும் ஊர் எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கழற்றும்போது, பல மணி நேரம் பூட்ஸுக்குள் இருந்த பாதத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ள அது வாய்ப்பும் ஆகிறது. சிவந்த இடம் எங்கே, விரல் நுனி எங்கே முட்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வனத்துறையின் அனுமதியோடும், பாதை தெரிந்த உள்ளூர்க்காரரோடும் மட்டுமே அங்கே போக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பூட்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். நடையைப் பாதியில் நிறுத்த வைப்பவற்றில் பெரும்பாலானவை பாதத்தில்தான் தொடங்குகின்றன. பூட்ஸை வாங்கியதும் மலைக்குக் கொண்டுபோகாமல், வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டு நடந்து தோலைத் தளர்த்த வேண்டும். நீண்ட நடையில் பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலை நேரத்தில், தடித்த கம்பளிக் காலுறையை அணிந்துகொண்டு அளவு பார்க்க வேண்டும். ஏறும்போது கயிற்றைக் கணுக்காலில் தளர்வாகவும், இறங்கும்போது இறுக்கமாகவும் கட்ட வேண்டும். இறக்கத்தில் கணுக்கால் பிடிபட்டிருந்தால்தான் பாதம் முன்னே சறுக்கி விரல்கள் பூட்ஸின் மூக்கில் இடிக்காது. புறப்படும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுவது சிறிய வேலைதான், ஆனால் அதைச் செய்யாதவர்களின் பெருவிரல் நகம் இறக்கத்தில் கறுத்து விழுந்துவிடுகிறது. கைத்தடிகள் இரண்டு எடுத்துப் போகிறேன். அவை வயோதிகர்களுக்கானவை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இறக்கத்தில் முழங்காலுக்குப் போகும் சுமையில் ஒரு பகுதியைக் கைகள் வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை.

பை விஷயத்தில் நான் கற்றதில் முக்கியமானது, சுமையைத் தோள் சுமக்கக் கூடாது என்பதே. நம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பெலும்பில் இருத்தி நடப்பதைப் போல, முதுகுப்பையின் எடையும் இடுப்பில்தான் உட்கார வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பையை மாட்டியதும் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை, அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வருமாறு வைத்து இறுக்க வேண்டும். பிறகு தோள்பட்டைகளை, பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். கடைசியில் தோளுக்கு மேலே இருக்கும் சிறு பட்டைகளை இழுத்தால் பை பின்னால் சாயாமல் நிற்கும். சரியாக அமைந்தால் தோள்பட்டைக்கும் தோளுக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழையும். உள்ளே அடுக்கும்போது கனமான பொருட்கள் முதுகை ஒட்டி நடுவிலும், உறக்கப்பை அடியிலும், மழைச்சட்டையும் தின்பண்டமும் மேலேயும் இருக்க வேண்டும். இந்தப் பாதையில் ஊருக்கு ஊர் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. அதனால் தண்ணீரோடு சேர்த்து என் பையைப் பத்துக் கிலோவுக்குள் நிறுத்த முடிந்திருக்கிறது.

உடையில் பருத்தியைக் கைவிட வேண்டியிருந்தது. மதுரை வெயிலுக்குப் பருத்தியைவிட நல்லது இல்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதே குணம் குளிரில் உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. நின்றவுடன் அந்த ஈரம் உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். எனவே உடலை ஒட்டி மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் ஃபிளீஸ், தேவைப்படும்போது இறகு அடைத்த கோட்டு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை என்று அடுக்கடுக்காக அணிவதே முறை. குளிர்கிறது என்று முதலிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்த்துவிடும். கொஞ்சம் குளிரோடு நடக்கத் தொடங்குவதே சரி.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நேபாள மலைப் பாதைகளில் காலையும் இரவும் கிடைப்பது சோறும் பருப்பும் காய்கறியும். கேட்கக் கேட்கப் போடுவார்கள். நம் வயிற்றுக்கு இதைவிட ஏற்ற உணவு வேறென்ன? இடையில் கொறிக்க அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்துத் தருகிறார். வறுத்த அரிசியும் பயறும் சுக்கும் சேர்ந்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிக்கும் அந்த உருண்டை, பல வாரங்கள் கெடாது. கல்லாக இறுகிவிடுவதால் உடைத்து வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு ஏற்றம் முழுவதும் வரும். உயரத்தில் பசி குறைந்துவிடும் என்கிறார்கள். பசி இல்லாதபோதும் உள்ளே போகிற இனிப்பும், சாதத்தில் பிசைய ஒரு சிறு டப்பா பருப்புப்பொடியும் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீருக்கு வடிகட்டியும் குளோரின் மாத்திரையும் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பாட்டில் நீரை வாங்கி அந்தப் பள்ளத்தாக்கில் குப்பையைக் கூட்ட மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது 2018 மார்ச் 11ஐ மதுரைக்காரர்கள் யாராலும் கடந்து போக முடியாது. அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் நடையர்கள் சிக்கினார்கள். தீக்காயம் பட்டவர்களில் பலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புல் காய்ந்து கிடக்கும் மாதம், செங்குத்தான சரிவு, மேல்நோக்கி ஓடும் தீ, கீழே இறங்க வழி தெரியாத கூட்டம் எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் அது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2014 அக்டோபரில், நம் வங்கக் கடலில் பிறந்து விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, தோரோங் லாவில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கணவாய்க்கு மேலே போய்விட்டவர்களில் பலருக்குத் திரும்பும் வழியே தெரியாமல் போனது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். எந்த மாதத்தில் போகிறோம், வானிலை முன்னறிவிப்பு என்ன சொல்கிறது, எங்கிருந்து எப்படித் திரும்புவது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஒரு காலடிகூட மேலே வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் அங்கே மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் என்பதால் ஐப்பசியைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அதே காலம்தான் வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலமும். மனாங்கில் தங்கும் நாட்களில் வங்கக் கடலில் தாழ்வழுத்தம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே போவேன். கணவாயில் முற்பகலுக்குப் பிறகு காற்று வலுத்துவிடும் என்பதால், விடியும் முன்பே கிளம்பி நண்பகலுக்குள் மறுபக்கம் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். முடியாது என்று பட்டால் திரும்பி வந்துவிட வேண்டும்.

உயர நோயின் அறிகுறிகளை உடன் வருபவரும் நானும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, அசாதாரணமான அயர்ச்சியோ இருந்தால் அது உயர நோய் என்றே கொண்டு, குறையும் வரை அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் விடாமல் வந்தாலும், நேர்க்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலும், இரவோ பகலோ பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டதன் அடையாளங்கள் அவை. காலை வரை பார்ப்போம் என்று படுப்பவர் எழுந்திருக்காமலே போகலாம். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கம் பருவ காலங்களில் மருத்துவ உதவி நிலையம் நடத்துகிறது. உயர நோயைப் பற்றி நடையர்களுக்கு அங்கே மருத்துவர்கள் பேசுவார்கள். ஓய்வு நாளில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மனாங்குக்கு மேலே இருக்கும் யாக் கர்க்கா என்ற தங்குமிடத்துக்குப் புறப்படுவோம்.

மற்றவை விரைவாக. இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அதன் கட்டணம் 1,000 நேபாள ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுலா வாரியம் விதி வகுத்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருப்பேன். மலையை அறிந்தவர் கூட வருவதற்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அல்ல. ஆறாயிரம் மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்புக்குப் பொறுப்பேற்கும் காப்பீடும் எடுத்தாயிற்று. மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து ரயிலில் கோரக்பூர், பிறகு சுனௌலியில் எல்லையைக் கடந்து, பேருந்தில் டும்ரே, அங்கே பிரியும் சாலையில் பெசிசஹார். விமானத்தில் காத்மாண்டு போனால் நாட்கள் மிச்சமாகும் என்பது உண்மைதான். எனக்குத் தரைவழியாகவே போக வேண்டும். வைகைக் கரையிலிருந்து கங்கைச் சமவெளி வரை நாட்டின் நிலம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே மலையடிவாரத்துக்குப் போவது நடையின் ஒரு பகுதியாகவே எனக்குப் படுகிறது.

பெரியம்மா கடைசியில் சம்மதித்துவிட்டார். முக்திநாத்தில் பசு முகங்களிலிருந்து 108 தாரைகளாக விழும் நீரில் நனைந்துவிட்டு, ஒரு சிறு புட்டியில் தீர்த்தம் கொண்டுவர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். இரு சமயத்தாரும் ஒரே வளாகத்தில் வழிபடுகிறார்கள். அந்தப் புட்டிக்குப் பையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

தொடக்க நாட்களின் திட்டத்தை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறோம். பெசிசஹாரிலிருந்து முதல் நாள் புல்புலே வரை மட்டுமே. அரை நாள் நடை, ஏற்றம் நூறு மீட்டர்கூட இல்லை; பட்டைகளைச் சரிசெய்யவும், காலுறையை மாற்றிப் பார்க்கவும், வழிகாட்டியின் நடைவேகத்தைத் தெரிந்துகொள்ளவும் அந்த நாள். இரண்டாம் நாள் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பகுன்தாண்டாவுக்கு வயல்களின் நடுவே ஏறுகிறோம். மூன்றாம் நாள் ஜகத், நான்காம் நாள் தால், ஐந்தாம் நாள் தாராபானி. சாமே சேரும் வரை ஒரு நாளும் மூச்சு வாங்கப் பேச்சு நிற்கும் வேகத்தில் நடப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். சாமேயிலிருந்து மேல் பிசாங் போன பின்பு அடுத்த பதிவை எழுதுகிறேன்.